வீட்டுக்குள் ஒரு மிதியடி
(தவக்காலம் நான்காம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



சென்ற ஞாயிறு முதல் வாசகத்தில் மோசே எரியும் முட்புதர் முன்னே மிதியடியைக் கழற்றினார். இந்த ஞாயிறு நற்செய்தியில் ஒரு தந்தை, வீடு திரும்பிய மகனின் காலுக்கு மிதியடி அணிவிக்கச் சொல்கிறார். கழற்றுவதைப் பற்றி இந்தப் பீடத்திலிருந்து பலமுறை கேட்டிருப்பீர்கள். அணிவிப்பதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டீர்கள். இந்த உவமையில் கொழுத்த கன்றும் மோதிரமும் நம் நினைவில் நிற்கின்றன. மிதியடி நிற்பதில்லை.

அக்காலத்தில் அடிமைகள் வெறுங்காலோடு நடந்தார்கள், வீட்டுப் பிள்ளைகள் மிதியடி அணிந்தார்கள் என்று விவிலிய விளக்கவுரைகள் சொல்கின்றன. கூலியாளாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கத்தான் அந்த மகன் வந்தான். அதைச் சொல்லி முடிக்குமுன்பே தந்தை பணியாளர்களைக் கூப்பிட்டுவிட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள். மகன் வெளியே புறப்படுகிறவன் அல்ல, வீட்டுக்குள் நுழைகிறவன். விருந்துக்கு உட்காரப் போகிறவனுடைய காலுக்குத்தான் தந்தை மிதியடி கேட்கிறார்.

நம் மண்ணில் செருப்பு வெறும் செருப்பாக இருந்ததில்லை. சில தெருக்களில் நடக்கும்போது சில மக்கள் அதைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற கொடுமை இங்கே இருந்தது. செருப்பைத் தைத்துக் கொடுத்த கைகளையே தீண்டத்தகாதவை என்று ஒதுக்கினோம். இந்தப் பாவத்தில் கிறிஸ்தவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. அடுத்தவருடைய செருப்பைத் தொடுவது இழிவு என்று இன்றும் நம் உடம்பு கூசுகிறதே, அந்தக் கூச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அது நற்செய்தியிலிருந்து வந்ததல்ல. ஆகவே வீட்டுச் செருப்பைப் பற்றி இந்தப் பீடத்தில் நின்று பேச நான் தயங்கவில்லை.

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு வருகிறேன். கட்டிலருகே மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம் வைத்து, மெழுகுதிரி ஏற்றி வரவேற்கிறீர்கள். மிகவும் நல்லது. ஆனால் கட்டிலுக்கு அடியில் பெரியவருடைய செருப்பு கிடக்கிறது. அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருக்கிறது. அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. விரல் பதிந்த பள்ளத்தில் அழுக்கு கருத்துக் கிடக்கிறது. அந்தப் பெரியவருக்கு இருபது ஆண்டாகச் சர்க்கரை. ஊக்கு திறந்து குத்தினாலும் அவருக்குத் தெரியாது.

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால் நரம்புகள் மெல்லக் கெடும். முதலில் கெடுவது பெரும்பாலும் பாதத்தின் நரம்புகள். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தொடுகை தெரியவில்லையென்றால் பாதம் தன் காவலை இழந்துவிட்டது என்று பொருள். வியர்வை குறைந்து தோல் காய்ந்து வெடிக்கும். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்துவிடுவார்கள். கல் குத்தும், சூடு கொப்புளம் ஆகும், புண் ஆழமாகும். வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். கால் விரலையோ காலையோ இழந்தவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள்.

திருச்சபை இந்த உணர்ச்சி இழப்பை முன்பே ஒரு புனிதரின் காலில் கண்டிருக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்த தமியான் அடிகளார் 1873-இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலொக்காய்க்குத் தொழுநோயாளருக்குப் பணிசெய்யப் போனார். 1884-இல் ஒருநாள் கொதிக்கும் நீரில் அவருடைய கால் பட்டது. சூடு தெரியவில்லை. அப்போதுதான் அந்த நோய் தன்னிடமும் இருப்பதை அவர் உறுதியாக உணர்ந்தார். ஐந்து ஆண்டில், 1889-இல், அவர்களோடு ஒருவராகவே இறந்தார்.

நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றும் உண்டு. மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. உணர்ச்சி இல்லாததால் அன்றாடம் படும் காயங்களே கைகால்களை அழிக்கின்றன என்று அவரும் அவரோடு உழைத்தவர்களும் கண்டார்கள். அப்படியானால் காயம் படாமல் காத்தால் கால் பிழைக்கும். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்து தொழுநோயாளருக்குக் கொடுத்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு அதே ரப்பர்தான். தொழுநோயாளரின் காலைக் காக்கக் கற்றவர்கள் வழியாகவே உங்கள் தந்தையின் காலுக்கும் பாதுகாப்பு வந்திருக்கிறது. கடவுளுக்கு நன்றி சொல்ல இது ஒன்று போதாதா?

அந்தச் செருப்பை வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும். உடைந்த டம்ளர்ச் சில்லும், கீழே விழுந்த தையல் ஊசியும், மேசை முனையும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. வெளிச் செருப்பு வேறு, வீட்டுச் செருப்பு வேறு, குளியலறைச் செருப்பு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் நனைந்ததை அப்படியே போட்டுக்கொண்டு நடந்தால் விரலிடுக்கு ஊறிச் சேற்றுப்புண் வரும். அதன் அடியில் சோப்பும் பாசியும் படிந்து பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள்.

சனிக்கிழமை மாலை ஞாயிறு உடுப்பை இஸ்திரி போடுகிறீர்கள் அல்லவா, அந்நேரம் வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் தாத்தா பாட்டியின் செருப்பைக் கையில் எடுங்கள். சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வெந்நீர் வேண்டாம். அடிப்பாகத்தின் வரிகளில் உள்ள அழுக்கைத் தேய்த்து எடுங்கள். முள், கண்ணாடித் துகள், ஸ்டேப்ளர் பின் ஏதும் ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டுப்பட்டியில் சிக்கிய முடியையும் நூலையும் பிடுங்கினால்தான் அது மறுபடி பிடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் இறுகும், பசை விடும். காய்ந்தபின் உள்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் மேலெழவில்லை என்றால் அந்த மெத்தை போய்விட்டது, புதிது வாங்குங்கள். வார் அறுந்தால் தைக்கக் கொடுக்கும்போது, ஆணி அடிக்க வேண்டாம், தைத்து ஒட்டினால் போதும் என்று சொல்லுங்கள். ஊக்கு கூடவே கூடாது.

தினமும் காலையில் அணிவிக்குமுன் உள்ளே கையை விட்டு ஒருமுறை தடவிப் பாருங்கள். அந்தக் காலுக்குத் தெரியாததை உங்கள் விரல் தெரிந்துகொள்ளும். ஆண்டவர் சீடர்களின் பாதத்தைக் கழுவியபோது பேதுரு கூச்சப்பட்டுத் தடுத்தார். உங்கள் வீட்டுப் பெரியவரும் தடுப்பார். என் செருப்பை நீ ஏன் தொடுகிறாய் என்பார். விட்டுவிடாதீர்கள்.

தவக்காலம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளி சிலுவைப்பாதையிலும் வேளாங்கண்ணி நடைபயணத்திலும் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. கால் மரத்தவர்கள் அப்படி நேர்ந்துகொள்ள வேண்டாம். நேர்ந்திருந்தால் என்னிடம் வாருங்கள், வேறு நற்செயலாக மாற்றித் தருகிறேன். வெயிலில் கொதிக்கும் தாரில் உணர்ச்சியற்ற கால் வெந்துபோவது ஒறுத்தல் ஆகாது. சிறையிலிருந்து பேதுருவை விடுவிக்க வந்த வானதூதர், இடைக்கச்சையைக் கட்டி மிதியடியைப் போட்டுக்கொள் என்றுதான் சொன்னார். மோசேயைக் கழற்றச் சொன்ன அதே கடவுள் அனுப்பிய தூதர் அவர்.

ஆகவே நம் கோவிலிலும் ஒரு மாற்றம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வருவது நம் வழக்கம், அது தொடரட்டும். ஆனால் சர்க்கரை நோயோ தொழுநோயோ காரணமாகக் கால் மரத்தவர்கள், சுத்தமான வீட்டுச் செருப்பைத் துணிப்பையில் கொண்டுவாருங்கள். அடுத்த ஞாயிறு முதல் தெற்கு வாசலில் ஒரு நீள இருக்கை போடப்படும். அங்கே உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். இளையோர் இருவர் துடைப்பதற்குத் துணியோடு நிற்பார்கள். நற்கருணை வாங்க வரும்போதும் அதைக் கழற்ற வேண்டாம். அவர்கள் காலை யாரும் உற்றுப் பார்க்கவும் வேண்டாம்.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு இந்த ஆண்டு இவர்களையே முதலில் அழைக்கிறேன். தண்ணீரின் சூட்டை என் முழங்கையால் பார்த்த பிறகுதான் ஊற்றுவேன், விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைப்பேன், அச்சப்பட வேண்டாம். பெயர் தர விரும்புகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் திருப்பண்ட அறைக்கு வாருங்கள். நிற்க முடியாதவர்கள் அமர்ந்தபடியே இருக்கலாம். மற்றவர்கள் எழுந்து நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.