கூடத்தில் ஒரு காமிரா

2023 பிப்ரவரி 12 அதிகாலையில் திருவண்ணாமலை, போளூர், கலசப்பாக்கம் என்று மூன்று ஊர்களில் நான்கு ஏடிஎம்களை கேஸ் கட்டரால் அறுத்து, எழுபது லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு போனது ஒரு கும்பல். தடயம் மிஞ்சக்கூடாதென்று எந்திரங்களுக்குத் தீயும் வைத்தார்கள். அப்படியும் சில நாட்களில் போலீஸ் ஹரியானா வரை போய்ப் பிடித்தது. உள்ளே இருந்த காமிரா எரிந்தால் என்ன, வந்துபோன வழியில் வேறு காமிராக்கள் இருந்தன. கோலார் தங்கவயலில் அவர்கள் தங்கியிருந்ததைக்கூட அவை காட்டிக்கொடுத்தன.

வேங்கிக்காலில் எங்கள் தெரு இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: காமிரா வேலை செய்கிறது. கலெக்டர் ஆபீஸ் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தைரியம் போய், வீட்டுக்கு வீடு மாட்ட ஆரம்பித்தார்கள். நானும் இரண்டு மாட்டினேன், கேட்டுக்கு ஒன்று, தோட்டத்துப் பக்கம் ஒன்று. வயர்லெஸ் என்று பெயர்தானே தவிர, கரண்டுக்கு ஒயர் இழுத்தே ஆகவேண்டும். மின்சாரம் போனால் ரூட்டரும் படுத்துவிடும் என்பதால் அதை இன்வெர்ட்டரில் சேர்த்தேன். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றினேன். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், பாஸ்வேர்டு மாற்றாத காமிராக்களை லட்சக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டு பெரிய பெரிய இணையதளங்களையே சில மணி நேரம் முடக்கிய கதை என் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

முடியாமல் இழுத்தது கூடத்து விஷயம். நான் பெங்களூரில், அம்மா இங்கே தனியாக. "உள்ளயும் ஒண்ணு போட்டுடுடா, வேலைக்கு ஆள் வந்து போற வீடு" என்றார் சித்தி.

வேலைக்கு வரும் அக்கா பதினோரு வருடமாக வருகிறார். ஒருமுறை துவைக்கப் போட்ட என் சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்திருக்கிறது. அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். சொல்லக்கூட இல்லை. கூடத்தில் அன்றைக்குக் காமிரா இருந்திருந்தால் நோட்டு அதே டம்ளருக்கு அடியில்தான் இருந்திருக்கும். ஆனால் அதை அவருடைய நேர்மை என்று நாங்கள் சொல்லியிருக்க முடியாது. "காமிரா இருக்குதுல்ல, அதான்" என்று சித்தி சொல்லியிருப்பார், அதை மறுக்க யாரிடமும் எதுவும் இருந்திருக்காது. திருடாதவரிடமிருந்து காமிரா எடுத்துக்கொள்வது இதைத்தான். அந்தரங்கம் போகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். நல்லவர் என்று தெரியவருவதற்கான வாய்ப்பும் கூடவே போகிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் அம்மாவின் மூக்குத்தி காணாமல் போனது. யாரும் வாய்விட்டு அக்காவைக் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் இருந்த விதமே கேட்பது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைக்கும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டில் எது தொலைந்தாலும் முதல் சந்தேகம் வேலைக்கு வருபவர் மேல். அப்படியிருக்க, பதிவு ஒன்று இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் அவர் விடுபட்டிருப்பாரே?

விடுபட்டிருப்பார், நாங்கள் போட்டுப் பார்த்திருந்தால். அவராகப் பார்க்க முடியாது. மெமரி கார்டு என் வீட்டில், செயலி என் போனில். சித்தியிடம் கேட்டேன்: "சரி, அக்கா போன்லயும் இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்துடலாமா? அவங்களும் பாக்கட்டும்." சித்தி சிரித்தார். வேடிக்கைக்கு நான் கேட்கவில்லை. காமிரா இருவருக்கும் பாதுகாப்பு என்றால் சாவியும் இருவரிடமும் இருக்க வேண்டும். அது சிரிப்பாகத் தோன்றுகிறது என்றால், காமிரா யாருக்காக என்பது சித்திக்கும் தெரிந்திருக்கிறது.

சட்டம் இங்கே பெரிய துணையில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகத் தரவைக் கையாள்வதைத் தன் வரம்பிலிருந்தே விலக்கிவிட்டது. ஒரே வீட்டில் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் உள்ளே காமிரா ஓடக்கூடாது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சகோதரர்களின் தகராறு. காலையில் இரண்டு மணி நேரம் வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போகிறவர் அந்த வழக்கில் இல்லை.

அம்மா விழுந்துவிட்டால்? நியாயமான பயம். ஆனால் காமிரா விழாமல் பிடிக்காது, யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் விழுந்ததும் தெரியும். அசைவு வந்தால் எச்சரிக்கும் வசதியை நம்பலாமென்றால், கேட்டுக் காமிராவில் பல்லிக்கும் சிலந்திக்கும் வருகிற எச்சரிக்கையே என்னைப் பாதி மரத்துப்போக வைத்துவிட்டது. அம்மாவிடமே கேட்டேன். "நான் பொடவ சரி பண்றதையும் நீ பெங்களூருல ஒக்காந்து பாக்கணுமா?" என்றார். கழுத்தில் மாட்டிக்கொண்டு, அழுத்தினால் என் போனுக்கு அழைப்பு வரும் பொத்தான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுகிறார், அது தனிச் சண்டை.

கூடத்தில் காமிரா இல்லை. கேட்டுக் காமிராவில் எதிர் வீட்டு வாசலும் திண்ணையும் விழுந்தன. செக் நாட்டில் ஒருவர் இப்படித்தான் தன் வீட்டில் மாட்டினார். ஜன்னலை உடைத்தவர்கள் அதில் மாட்டவும் செய்தார்கள். சிக்கியவரே அது சட்டப்படி சரியா என்று கேள்வி எழுப்ப, பொதுவழியும் படத்தில் விழுவதால் இதை வெறும் வீட்டு உபயோகமாகக் கொள்ள முடியாது என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் செயலியில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிட்டு, எதிர் வீட்டு அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

அவருக்கு வருத்தமாகிவிட்டது. "ஏம்பா மறைச்ச? எங்க வாசலும் தெரியட்டுமே. எம் புள்ள துபாய்ல இருக்கான், நாங்க ரெண்டு பொம்பளைங்கதான. இன்னா செலவு ஒனக்கு?"

ஒரு செலவும் இல்லை. மருமகள் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கேட்டேன், "நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு, "கட்டம் இருக்கட்டும்ண்ணா" என்றார்.