முதியோர்க்குத் துணை நிற்பது எவ்வாறு?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பான ஒரு சொல்லும் சொல்லலாகாது என்பது திருமறையின் 17ஆம் அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை. இதை அறியாதார் நம்மில் இல்லை. ஆனால் சலித்துக் கொள்ளாமல் இருந்து விட்டால் மட்டும் கடமை தீர்ந்து விடுமா? இதை இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

கண்பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் அறிவோம். அவர்கள் பொருட்டே 'அபஸ' அத்தியாயம் இறங்கிற்று. நாயகம் (ஸல்) அவர்கள் அந்தத் தோழரை இரக்கப்பட்டு ஒரு மூலையில் அமர்த்தி விடவில்லை. பிலால் (ரலி) அவர்களைப் போலவே பாங்கு சொல்லும் பணியைக் கொடுத்தார்கள். தாங்கள் மதீனாவில் இல்லாத காலங்களில் தொழுகை நடத்தும் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள்.

பிற்காலத்தில் உமையாக் கலீபா வலீத் (ஆட்சி கி.பி. 705–715) நடக்க இயலாதவர்க்குப் பணியாளையும், பார்வையற்றவர்க்கு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். வழிகாட்டியின் வேலை என்ன? அவர் போக விரும்பும் இடத்திற்கு அவரைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதே.

இனி நம் சிங்கப்பூர் வீடுகளைப் பார்ப்போம். அடுக்குமாடி வீட்டில் தனித்து வாழும் ஒரு பெரியவரை எண்ணிக் கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்குப் பலதுறை மருந்தகம், கண்ணுக்கும் முழங்காலுக்கும் வெவ்வேறு மருத்துவமனை. மகன் பணம் தருகிறார். மகள் வெள்ளிதோறும் சோறு கொண்டு வருகிறார். அண்டை வீட்டார் நலம் விசாரிக்கிறார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் கண் மருத்துவரிடம் போக வேண்டிய நாள் கடந்து போயிற்று. தங்கை அழைத்துச் சென்றிருப்பாள் என்று அண்ணனும், அண்ணன் அழைத்துச் சென்றிருப்பார் என்று தங்கையும் இருந்து விட்டார்கள். உதவும் கைகள் பல; ஒன்று சேர்ப்பார்தான் இல்லை. பின்பு ஒருநாள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததும், "வாப்பா இனித் தனியாக இருக்கக் கூடாது" என்று நாமே கூடித் தீர்ப்புச் சொல்கிறோம். அவரை ஒரு வார்த்தை கேட்டோமா?

வழி இல்லாமல் இல்லை. 2009இல் அமைந்த ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு, வீட்டுப் பராமரிப்பு, பகல்நேரப் பராமரிப்பு, உணவு முதலிய உதவிகளைப் பெற்றுக்கொள்ள வழி செய்கிறது. 2012இல் தொடங்கிய வீவகவின் 'ஈஸ்' திட்டம் குளியலறைத் தரை வழுக்காமலிருக்கவும், கைப்பிடிக் கம்பிகள் பொருத்தவும் மானியம் தருகிறது. வட்டாரங்களில் துடிப்பாக மூப்படைதல் நிலையங்களும் உள்ளன. இருந்தென்ன? படிவத்தை நிரப்பி, தமிழில் விளக்கி, நாளை நினைவூட்ட ஒருவர் வேண்டுமே!

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இன்றே ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்கட்டும். ஒரு குறிப்பேட்டில் மருந்துகள், மருத்துவர் நாட்கள், தொலைபேசி எண்கள் யாவும் எழுதப்படட்டும். ஆனால் அதன் முதற்பக்கத்தில், அந்தப் பெரியவர் விரும்புவது எதுவென்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். ஜும்ஆவுக்குத் தாமே நடந்து போக வேண்டும் என்பாராயின், மற்ற ஏற்பாடுகள் அதற்குத் துணையாகட்டும். பிள்ளைகளற்றோர்க்கு ஜமாஅத்தில் ஒருவர் இப்பொறுப்பை ஏற்கட்டும்.

இன்று நாம் வகுக்கும் வழியில்தான் நாளை நாமும் நடக்கவிருக்கிறோம். வல்ல அல்லாஹ் நம் பெரியவர்களைக் கண்ணியத்தோடு வாழச் செய்வானாக! அவர்களுக்குத் துணை நிற்கும் பேற்றை நமக்கு அருள்வானாக! ஆமீன்.