முன்முடிவும் வினவுதலும்

1960-இல் இலண்டன் உளவியலறிஞர் பீட்டர் வேசன், 2, 4, 6 என்னும் எண்கள் எவ்விதிப்படி அமைந்தன எனக் கண்டறியுமாறு சிலரைப் பணித்தார். அவர்கள் வேறு மூன்று எண்களைக் கூறின், அவை விதிக்குப் பொருந்துமா என்று அவர் சொல்வார். பலரும் 8, 10, 12 எனத் தம் ஊகத்திற்கு இசைந்தவற்றையே கூறினர். உண்மை விதியோ ஏறுவரிசை மட்டுமே! 1, 2, 3 எனக் கேட்டிருப்பின் ஊகம் அப்போதே தகர்ந்திருக்கும்.

உறவினர் ஒருவரைத் தீயவரென எண்ணியபின் நாமும் இதனையே செய்கின்றோம். அவர்தம் நன்மைகள் நம் கணக்கில் ஏறுவதில்லை. தத்துவார்த்த சூத்திரம் உரைக்கும் ஐவகைச் சுவாத்தியாயத்துள் வினவுதல் இரண்டாவது. ஐயம் அறுத்தற்கும், துணிந்த பொருளை உறுதிப்படுத்தற்கும் வினவுதல் என்பது பூஜ்யபாதர் உரை. பின்னதை நாம் நாடோறும் செய்கின்றோம். முன்னதற்கோ முதலில் ஐயம் பிறத்தல் வேண்டுமே! அவ்வுறவினரையே நேரிற் கேட்டால் பிறக்கக்கூடும். அதற்குத்தான் நம் செருக்கு இடந்தருவதில்லை.