பசித்தவனின் சம்மதம்

"இருவரும் மனமொப்பிச் செய்து கொண்ட ஒப்பந்தத்தில் மார்க்கம் குறை காண முடியுமா?"

ஓட்டல் தொழிலில் உள்ள நம் சகோதரர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். "நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஹஜ்ரத்! சம்பளத்தைச் சொன்னோம், அவன் சரி என்றான். இஷ்டமில்லை என்றால் போகட்டுமே!" என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கொடுக்கல் வாங்கலுக்கு இரு தரப்பின் திருப்தியே அடிப்படை என்பதைத் திருமறையின் நிஸா அத்தியாயம் 29ஆம் வசனம் உணர்த்துகிறது. ஆனால், பசித்து வந்து நிற்பவன் சொல்லும் "சரி"யும் அந்தத் திருப்தியும் ஒன்றுதானா? இதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும்.

நமது தர்மபுரி மாவட்டத்தையே எடுத்துக் கொள்வோம். மழையை நம்பிய மானாவாரி நிலம் மிகுந்த பகுதி இது. மழை பொய்த்தால் கிராமத்து இளைஞர்கள் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். இங்கே சேலம் - பெங்களூர் நெடுஞ்சாலை ஓட்டல்களில் மேசை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் வடமாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இங்கிருந்து போகிறவனும் இங்கே வருகிறவனும் ஒரே நிலையில் உள்ளவர்கள்தாம். வேறு வழி இல்லாததால் "சரி" என்கிறார்கள்.

இத்தகைய ஒருவரைத் திருமறை நமக்குக் காட்டுகிறது. மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரை விட்டு உயிர் தப்பி மத்யன் நகருக்கு வந்தார்கள். கையில் பணமில்லை, தெரிந்தவர் யாருமில்லை. அல்லாஹ் எந்த நன்மையைத் தந்தாலும் அதன்பால் தேவையுள்ளவனாக இருக்கிறேன் என்று நிழலில் அமர்ந்து துஆச் செய்தார்கள். அவ்வேளையில் எந்தக் கூலியைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் சம்மதித்திருக்கக் கூடும். அந்த முதியவர் என்ன செய்தார்? ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததற்குரிய கூலியைக் கொடுப்பதற்காக அழைத்தார். அவர்களுடைய வரலாற்றைக் கேட்டார். இனி அஞ்ச வேண்டாம் என்று தைரியம் சொன்னார். அதன் பிறகுதான் ஒப்பந்தப் பேச்சே எழுந்தது. எட்டு ஆண்டுகள் என்று காலத்தைத் தெளிவாக வரையறுத்தார். மேலும் இரண்டு ஆண்டுகளை மூஸா (அலை) அவர்களின் விருப்பத்துக்கே விட்டார். உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்றும் கூறினார். கஸஸ் அத்தியாயத்தில் 25 முதல் 28 வரையுள்ள வசனங்களில் இதைக் காணலாம்.

முதலில் அச்சத்தை நீக்கினார். பிறகு சம்மதம் கேட்டார். அவ்வாறு பெற்ற சம்மதத்தின் பலனும் தெரிந்தது. மூஸா (அலை) அவர்கள் கூடுதலான காலத்தையே பூர்த்தி செய்தார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

சில ஓட்டல்களில் நடப்பதோ இதற்கு நேர் மாறானது. ஏஜெண்டு மூலம் குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்து, அது கழியும் வரை போகக்கூடாது என்கிறார்கள். ஓடிவிடாமலிருக்க ஒரு மாதச் சம்பளத்தையும் ஆதார் அட்டையையும் பிடித்து வைக்கிறார்கள். அச்சத்தை நீக்க வேண்டியவரே அச்சத்தை உண்டாக்குகிறார்! முன்பணத்துக்கு ஈடாக ஒருவனைக் கட்டி வைத்து வேலை வாங்குவதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் குற்றமாக்கியிருக்கிறது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை ஓட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடுக்கப்பட்டுள்ளது. பெற்றோரே சம்மதித்தாலும் அது செல்லாது.

இன்னும் இரண்டு விஷயங்கள். காவிரியில் வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசலில் செல்லவும் தடை போடுவார்கள். கூட்டம் குறையும். "இன்று வியாபாரமில்லை, பாதிச் சம்பளம்தான்" என்பார் முதலாளி. மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தவன் வேலைக்குத் தயாராக வந்து நின்றுவிட்டால், வேலை இல்லாவிட்டாலும் அவனுக்குக் கூலி உண்டு என்பது ஹனஃபி ஃபிக்ஹின் சட்டம். அவ்வாறே, அவனது அலட்சியமின்றிக் கை தவறி உடைந்த கிளாசுக்கும் தட்டுக்கும் சம்பளத்தில் பிடித்தம் செய்ய இடமில்லை. அவன் கையிலுள்ள பொருள் அமானிதம். அவன் முன்பே சம்மதித்தான் என்பதால் இந்த உரிமைகளை நாம் விழுங்கலாமா? முழு வேலையையும் வாங்கிக் கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராகக் கியாமத்து நாளில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரி ஷரீஃபில் வருகிறதே!

"இப்படியெல்லாம் பார்த்தால் கடை நடத்த முடியுமா?" என்று கேட்கலாம். சிறு முதலாளியின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. பெரும் சம்பளம் கொடுத்தே தீர வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. தெளிவாகப் பேசிய கூலி, தாமதிக்காத கூலி, தாங்கக் கூடிய வேலை, போக நினைத்தால் போகும் சுதந்திரம் - இவற்றையே கேட்கிறது.

வீட்டிலுள்ள சகோதரிகளுக்கும் இதில் பங்குண்டு. உணவு சமைத்துக் கொண்டு வரும் பணியாளர் அதன் சூட்டையும் புகையையும் தாங்கியவர். ஆகவே அவரை உடன் அமர்த்துங்கள், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நம் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் இது பொருந்தும். மாலை நான்கு மணிக்கு மிச்சச் சோற்றை நின்றுகொண்டே உண்ணும் ஓட்டல் பையனுக்கும் பொருந்தும். பெங்களூரில் வேலை செய்யும் நம் பிள்ளையை அவனுடைய முதலாளி எப்படி நடத்த வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படியே நம்மிடம் வந்த பிள்ளையை நாம் நடத்துவோமாக!

அச்சமற்ற சம்மதத்தால் ஈட்டிய ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் அல்லாஹுதஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.