காட்சியும் பிடிப்பும்

உலகத்துப் பொருள்களைக் கண்டு மகிழ்தல் உயிர்க்கு ஆக்கமோ கேடோ என்பது பழைய வினா. ஐம்புல நுகர்ச்சி அனைத்தும் பந்தமே எனத் துணிந்து கண்ணை மூடிக்கொள்வார் ஒரு சாரார். கண்ணாற் கண்டதே பொருள், கண்டு களித்தலே பயன் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் சித்தாந்தத்திற்கு உடன்பாடல்ல. மாயையின் காரியமாகிய உலகம், ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு இறைவன் ஏற்றிக் கொடுத்த விளக்கு. விளக்கை வெறுத்து அவிப்பவனும் வழி காணான். வழியை விடுத்து விளக்கையே நோக்கி நிற்பவனும் வழி காணான். ஆதலின் காண்டல் குற்றமன்று. எவ்வாறு காண்கின்றோம் என்பதே ஆராயத்தக்கது. அன்பர் ஒருவர் எமக்கு எழுதிய கடிதம் இவ்வாராய்ச்சிக்கு இடந்தந்தது.

அவ்வன்பர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில் வாழ்பவர். சித்தாந்த நூல்களிற் பயிற்சியுடையவர். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து விடுமுறை நாளொன்றில், காலையில் நண்பர் இருவர் வந்து, பாலைநிலத்துப் பாறைகளைப் படம் பிடித்து வருவோமா என வினவ, அப்பொழுதே மூவரும் மோட்டார் வண்டியிற் புறப்பட்டனர். தங்குமிடம், உணவு, திரும்பும் வேளை எதனையும் எண்ணினாரல்லர். தென்கிழக்கே 230 மைல் கடந்து மோவாப் என்னும் சிற்றூரை அடைந்தபோது உச்சிப்பொழுது கழிந்திருந்தது. அவ்வூரை அடுத்துள்ளது ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. கூட்டம் மிகுந்தமையால் 2022-ஆம் ஆண்டு முதல் பருவகாலத்தில் முன்பதிவு செய்தோரையே பகற்பொழுதில் உள்ளே விடும் முறையை அங்கு ஏற்படுத்தியிருந்தனர். அவ்வாண்டில் மாலை 4 மணிக்குமேல் செல்வோர்க்கு அது வேண்டியதில்லை. ஆகவே மூவரும் ஊரிலேயே காத்திருந்தனர். காத்திருந்த பொழுதில், தாம் காணப்போகும் பாறையைப் பிறர் எடுத்த படங்களைக் கைப்பேசியிற் பார்த்து, எவ்விடத்தில் நின்றால் எத்தகைய படம் அமையும் என்று தமக்குள் முடிவு செய்துகொண்டனர்.

அப்பாறை டெலிகேட் ஆர்ச் எனப்படும் செம்மணற்கல் வளைவு. ஒன்றரை மைல் மேடேறிச் செல்லவேண்டும். கிண்ணம் போற் குழிந்த பாறையின் விளிம்பில், சார்பின்றித் தனித்து நிற்கும் அவ்வளைவின் வாயில் 46 அடி உயரமும் 32 அடி அகலமும் உடையது. மாலை வெயில் படுங்கால் தழல் போல் ஒளிரும். அதற்கு அப்பால் லா சால் மலைகள் தோன்றும். அவ்வொளி சிறிது நேரமே நிற்பது. அவ்வேளைக்காகப் பலர் கருவிகளை நாட்டிக் காத்திருந்தனர். அப்பொழுது முதியவர் ஒருவர் வளைவின் அடியிற் சென்று, உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்தபடி அசையாது நின்றார். படத்திற்கு அவர் இடையூறு. விலகுமாறு பலரும் கூவினர்; நம் அன்பரும் கூவினார். முதியவர் திரும்பிப் பார்த்து, ஒன்றுஞ் சொல்லாது மெல்ல நடந்து அகன்றார். படம் நன்கு அமைந்தது. "ஆயினும் அப்படத்தைப் பார்க்குந்தோறும் கல் என் கண்ணிற்படவில்லை, என் சினமே படுகின்றது. காணச் சென்றேன், கண்டேனா? அத்துணை அமைதியான இடத்தில் இச்சினம் எங்கிருந்து வந்தது?" என்பது அவர் வினா.

விடை கூறுமுன், அவ்விடத்தின் இயல்பைச் சிறிது கூறுதும். சுமார் 30 கோடி ஆண்டுகட்கு முன் அங்குக் கடல்நீர் புகுந்து புகுந்து வற்றியமையால் மிகத் தடித்த உப்புப்படுகை உண்டாயிற்று. பிற்காலத்து மணலும் மண்ணும் அதன்மேற் படிந்து கல்லாயின. பாரம் மிகவே உப்பு நெகிழ்ந்து ஓரிடத்தினின்று ஓரிடத்திற்கு ஒதுங்கிப் புடைத்தது. மேலிருந்த கல் வரிசை வரிசையாக வெடித்தது. வெடிப்புக்களிற் புகுந்த மழைநீர் மணலை மணலோடு பிணிக்கும் சுண்ணத்தைக் கரைத்தது. குளிரில் உறைந்து பனிக்கட்டியாகி விரிந்து கல்லைப் பிளந்தது. இங்ஙனம் மெலிந்த சுவர்களில் உண்டான துளைகள் பெருகி வளைவுகளாயின. இத்தகையன 2000-க்கு மேல் அப்பூங்காவிற் கணக்கிடப்பட்டுள்ளன.

தோன்றியவை அழிதலையும் அங்கே கண்கூடாகக் காணலாம். லாண்ட்ஸ்கேப் ஆர்ச் என்னும் நெடிய வளைவினின்று 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் 60 அடி நீளமுள்ள கற்பாளம் பெயர்ந்து விழுந்தது. அடியில் இளைப்பாறியிருந்தோர் கல் விரியும் ஓசை கேட்டு விலகிப் பிழைத்தனர். 71 அடி அகன்ற வால் ஆர்ச் 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இரவு முற்றும் இடிந்தது. விழக் கண்டார் எவருமிலர். இனி, இவை இடியாது நிற்றல் எங்ஙனம் எனின், செக் நாட்டு ஆராய்ச்சியாளர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதனை நன்கு விளக்குகின்றது. மேலுள்ள பாரத்தைத் தாங்கும் மணற்றுகள்கள் ஒன்றோடொன்று இறுகிக் கோத்துக்கொள்கின்றன. பாரந் தாங்காதவை நீரால் எளிதில் உதிர்கின்றன. உதிர்வன உதிர, தாங்குவன எஞ்சுதலே வளைவின் வடிவம். ஆகவே நிற்றல் என்பது வெறுங் கிடத்தலன்று. அதுவும் ஒரு தொழிலின் பயனே. தோற்றம், நிலை, இறுதி என்னும் மூன்றும் உலகிற்கு உண்மையைச் சிவஞானபோதத்து முதற் சூத்திரம் நிறுவுகின்றது. அம்மூன்றனுள் நிலையையும் ஒரு தொழிலாக வைத்தெண்ணிய ஆசிரியர் கருத்து, இக்கல்லை நோக்குவார்க்கு இனிது விளங்கும்.

உப்பும் நீரும் பனியுமே இவற்றைச் செய்தற்கு அமையும், வேறொரு கருத்தா எற்றிற்கு எனின், அற்றன்று. மண்ணையும் திரிகையையும் காட்டிக் குயவனை இல்லை என்பார் கூற்றோடு அது ஒக்கும். முதற்காரணமும் துணைக்காரணமும் சடமாகலின் தாம் செய்வதைத் தாம் அறியா. இதனை ஈண்டு விரிப்பிற் பெருகும். நாம் எடுத்துக்கொண்டது காட்சியைப் பற்றிய வினாவேயாம்.

அன்பரின் சினத்திற்குக் காரணம் யாது? உலகாயதன், கண்ணும் நரம்பும் கலங்கின, அதுவே சினம் என்பான். கண்ணே காண்பதாயின் கண்ணைப் போலவே ஒளியை ஏற்கும் நிழற்படக் கருவியும் காணுதல் வேண்டும். அது கல்லையும் ஏற்றது, முதியவரையும் ஏற்றது. எதனையும் வெறுத்திலது, எதனையும் அறிந்ததுமில்லை. ஆகவே சினந்தது கருவியன்று. கருவியைக் கொண்டு நின்ற உயிரே. மாயாவாதியோ, பொய்யாகிய கல்லை மெய்யென விரும்பியதே குற்றம் என்பான். கல் பொய்யன்று, நிலையாதது மட்டுமே. நிலையாமையும் பொய்ம்மையும் ஒன்றல்ல. உலக வழக்கிற் பேசுவோர், குற்றம் இடையில் வந்து நின்ற முதியவர்மேலது என்பர். அவர் கல்லை மறைத்தாரல்லர். ஒரு மனிதர் நின்றமையால் 46 அடி வளைவு காணாமற் போவதில்லை. அவர் மறைத்தது யாது? மோவாப்பிற் காத்திருந்த பொழுதில் அன்பர் தம் உள்ளத்தில் முன்னரே எழுதிவைத்திருந்த படத்தை. அப்படத்தில் மனிதர் இல்லை. அவர் கல்லைக் காண மலையேறவில்லை. உள்ளத்திலிருந்த படத்திற்குக் கல் ஒத்திருக்கின்றதா என்று பார்க்கவே ஏறினார். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. அவ்வுயிர் கல்லைச் சாராது தன் எண்ணத்தைச் சார்ந்தது. எண்ணத்திற்கு ஊறு நேரவே தனக்கு ஊறு நேர்ந்ததாகக் கொதித்தது. "என் படம்" என்னும் சொல்லில் அச்சினத்தின் வேர் உள்ளது. யான் எனது என்னும் இச்செருக்கு ஆணவத்தின் காரியமே.

நம் மொழியின் வழக்கையும் ஈண்டு நோக்குக. 'நிழற்படம்' என்கின்றோம், 'பிடித்தேன்' என்கின்றோம். நிழலைப் பிடித்தார் யாவர்? காட்சி நிகழ்தற்குக் கண் மட்டும் போதாது. ஞாயிற்றின் ஒளி வேண்டும். ஒளியிருந்தும் உயிர் உடன் நின்று செலுத்தாவழிக் கண் காணாது. உயிரும் தானாகக் காண்பதன்று. உயிர் கண்ணுக்குக் காட்டி அதனோடு உடன்நின்று காண்பதுபோல, இறைவன் உயிர்க்குக் காட்டி உடன்நின்று காண்கின்றான் என்பதே பதினோராஞ் சூத்திரத்தின் கருத்து. காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் அவனுடையன. நிழற்படக் கலைஞர் இவ்வுண்மைக்கு மிக அணுகி நிற்பவர். ஒளி வரும்வரை காத்திருத்தலே அவர்தந் தொழிலாகலின். ஒளி தந்தால் படம் உண்டு. தாராதாயின் எத்துணை விலையுயர்ந்த கருவியும் வறிதே. காட்டப்பட்டதனை யான் பிடித்தேன் என்னும் மயக்கமே விலக்கத்தக்கது.

இம்மயக்கம் முற்றினால் எங்ஙனமாம் என்பதற்கு அந்நாட்டு நிகழ்ச்சிகள் இரண்டே சான்று. 2000-ஆம் ஆண்டில் நிழற்படக் கலைஞர் ஒருவர், இராக்காலத்தில் டெலிகேட் ஆர்ச்சைப் படமெடுக்கும் முறையைப் பயில்வோர்க்குக் காட்டுதற்பொருட்டு, அதன் அடியில் தட்டுக்களில் நெருப்பு மூட்டினார். கல்லிற் கரியும் கறையும் படிந்தன. நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. ஞாயிறு தந்த ஒளி போதாதென்று தாமே ஒளி செய்யப் புகுந்தமையின் விளைவு இது. 2013-ஆம் ஆண்டில் அம்மாநிலத்துக் காப்லின் பள்ளத்தாக்கில், காளான் போல் நின்ற பழம்பாறை ஒன்றைச் சிலர் தள்ளி வீழ்த்தி ஆரவாரித்து, அதனைப் படமாகவும் எடுத்து உலகிற்குக் காட்டினர். பின்னர் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். இன்னும் நுண்ணியது ஒன்றுண்டு. அப்பாலையின் மணற்பரப்பில் நுண்ணுயிர்கள் கூடிக் கருநிறத் தோல் போல் மண்ணைப் போர்த்துக் காக்கின்றன. நல்லதொரு கோணம் வேண்டி வழியை விட்டு விலகுவார் ஓரடியால் அது நொறுங்கும். மீண்டும் வளரப் பல்லாண்டு செல்லும். கூவிய சொல்லும், மூட்டிய நெருப்பும், மிதித்த அடியும் அளவால் வேறாயினும் வேரால் ஒன்றே.

பாலைவனத்துப் பாறையைப் பற்றிய இப்பேச்சு நமக்கு எற்றிற்கு என்பார்க்கு ஒன்று கூறுதும். திருக்கோயிலில் தீபாராதனை நிகழும்பொழுது, முன்னே நிற்பார் தலை மறைக்கின்றதென்று முகஞ்சுளிப்பார் நம்மில் இல்லையா? அருளுருவின் முன்னரும் "எனக்கு மறைக்கின்றாய்" என்னும் எண்ணம் எழுமாயின், நாம் காண வந்தது திருவுருவையோ, நாம் கண்டோம் என்னும் எண்ணத்தையோ? முன்னிற்பவர்க்கும் அவனே காட்டுகின்றான் என்னும் உணர்வு உளதாயின், அவர் தலை நமக்கு மறைப்பாகாது. நம்மோடு உடனிருந்து தொழும் அடியார் ஒருவர் அங்கு உளர் என்னும் மகிழ்ச்சியே தோன்றும்.

அங்ஙனமாயின் படமெடுத்தலை அறவே விடுதல் வேண்டுமோ எனின், வேண்டா. வால் ஆர்ச் இன்று படத்தில் மட்டுமே உள்ளது. அதனை எடுத்துவைத்தோர் பின்வந்தார்க்கு உதவினர். டெலிகேட் ஆர்ச்சுக்குச் செல்லும் வழியிலேயே, யூட் இனத்தார் குதிரைவீரரையும் காட்டு ஆடுகளையும் செதுக்கிய பாறையொன்று உளது. செதுக்கியவர் பெயர் அதில் இல்லை. கண்டதைப் பிறர்க்குக் காட்ட விரும்புதல் மக்கட்கு இயல்பு. காட்டுதல் உபகாரமாகலின் அது நன்றுமாம். பிறர்க்குக் காட்டுதற்கு எடுத்த படம் கொடை. எனது என்று காட்டுதற்கு எடுத்த படம் கொள்ளை. இரண்டிற்கும் கருவி ஒன்றே, கருத்தே வேறு.

முன்னேற்பாடின்றிப் புறப்பட்டது பிழையோ என்றும் அன்பர் ஐயுறுகின்றார். அன்று, அப்பயணத்தில் அதுவே செவ்விய பகுதி. வீட்டினின்று புறப்பட்டபோது அவர் உள்ளத்தில் முடிந்த படம் யாதுமில்லை; எது காட்டப்படினும் காணும் நிலையில் இருந்தார். காத்திருந்த இரண்டொரு நாழிகையில் அந்நிலை நீங்கிற்று. மீண்டும் செல்வாராயின், அந்நிலையோடு செல்க, படமும் எடுக்க. இனி அவர் அஞ்சவேண்டியதும் இல்லை. ஆணவம் தன்னையும் காட்டாது மறைந்து நிற்பது. அது தன் சினமாகத் தம் கண்ணிற் படுமளவு அவர்க்குத் தெளிவு பிறந்துள்ளது. கல்லைப் படம் பிடிக்கச் சென்றவர்க்கு அவர்தம் மலத்தின் நிழலே காட்டப்பட்டது. அதனைக் காட்டியதும் அருளேயாம். காண்பான் தானெனக் கருதும்வரை காட்சி மறைப்பு. காட்டுவான் உளனென உணர்ந்தவழி அக்காட்சியே வழிபாடு என்பது துணிபு.