பயனாளி யார்?

'பயனாளி' என்ற சொல் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. தென்காசியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அறக்கட்டளை, சங்கம், எட்டாம் பிரிவுக் கம்பெனி என்று வருஷத்துக்கு முப்பது நாற்பது ஃபைல் கைக்கு வரும். எல்லா ஃபைலிலும் பயனாளிகள் பட்டியல் ஒன்று இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. தையல் மெஷின் வாங்கியவர், ஆடு வாங்கியவர், பயிற்சிக்கு வந்து மதியச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டுப் போனவர் எல்லோரும் பயனாளிதான். அதே ஃபைலில் நாலு பக்கம் தள்ளி திட்ட மேலாளர் சம்பளம், கார் வாடகை, சென்னை ஹோட்டல் பில் எல்லாம் வரும். அந்தப் பக்கத்தில் பயனாளி என்று யாரும் கிடையாது.

சம்பளம் வாங்குவதைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த வவுச்சர்களை அடுக்கித்தான் சோறு சாப்பிடுகிறேன். இன்னொருவரின் இல்லாமையை வைத்து எனக்கு ஒரு வேலை அமைகிறது என்றால் அந்த உறவுக்கு என்ன பெயர் என்பதுதான் என் கேள்வி. மருத்துவருக்கும் நோயாளிக்கும், வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இதே உறவுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே காசு கொடுக்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். இங்கே காசு கொடுக்கிறவர் மும்பையில் இருக்கிறார், பயன் பெறுகிறவர் கடையநல்லூரில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். நடுவில் இருப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

அக்கா மகள் பி.காம். முடித்துவிட்டு சமூகத் தொழில்முனைவில் எம்.ஏ. படிக்க விண்ணப்பித்திருப்பதால் இந்தக் கேள்வி இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அத்தான் குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறார். ஜூனில் சாரல் விழுந்தால் நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான். மற்ற மாதங்களில் கிடைத்த வேலை. அக்கா பீடி சுற்றுகிறாள். "மாமா, சேவை செய்யதுக்கு எதுக்குட்டி லட்சக்கணக்குல காசு கட்டிப் படிக்கணும்னு அப்பா கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள் பிள்ளை. அத்தானின் கேள்வியை விவரம் தெரியாத மனிதர் கேட்டது என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இந்தத் துறையில் புத்தகம் எழுதினவர்களே இதைவிடக் கூர்மையாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இது ஒன்றும் பழைய படிப்பு இல்லை. பில் டிரேட்டன் 1980-இல் அசோகா என்ற அமைப்பைத் தொடங்கியபோதுதான் 'சமூகத் தொழில்முனைவோர்' என்ற சொல் உலகம் சுற்றக் கிளம்பியது. கிரிகரி டீஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1998-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை அதற்கு இலக்கணம் மாதிரி ஆனது. ஆக்ஸ்ஃபோர்டில் இதற்கென்று 2003-இல் ஒரு மையம் வந்தது. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம் 2007-இல் இதை முதுகலைப் படிப்பாகவே தொடங்கியது. பிறகு கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று ஆனது. செலவழிக்கப் பணம் இருந்தால் செலவழிக்கத் தெரிந்த ஆளும் வேண்டுமே. படித்தவர்களுக்கு வேலை வந்தது.

ஆனால் நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்து காட்டியவர்கள் யாரும் இந்தப் படிப்பைப் படிக்கவில்லை. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 58 வயது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன, அந்த விரல்களால்தான் அறுவை செய்தார். கட்ட முடிந்தவர் கட்டுகிற பணத்தில் முடியாதவருக்கும் அதே அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வைக்கும் வில்லையை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கட்டுபடியாகாது என்று 1992-இல் ஆரோலேப் தொடங்கி அவர்களே செய்தார்கள். நூறு டாலர் கணக்கில் இருந்த விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. 1988-இல் திருநெல்வேலியில் அவர்கள் மருத்துவமனை திறந்த பிறகு எங்கள் பக்கத்துக் கிழவிகள் எத்தனையோ பேர் பச்சைத் துணி கட்டின கண்ணோடு பஸ் ஏறித் திரும்பி வந்தார்கள்.

அதைவிடப் பக்கத்தில், தென்காசியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆய்க்குடி இருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். 1975-இல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வுக்கு பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. ஊர் திரும்பியவர் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு மருத்துவம் பார்த்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் நினைவாக வைத்த பெயர் அது. பிறகு தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இரண்டு பேர், ஒருவருக்குக் கனவு, ஒருவருக்குக் கணக்கு. (தொழில் அபிமானத்தில் சொல்கிறேன்: இதில் ஆடிட்டர் வந்து சேர்ந்த இடத்தை யாரும் சரியாகக் கொண்டாடுவதில்லை.) 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இங்கே என் கேள்வி தலைகீழாகிவிடுகிறது, கவனித்தீர்களா? அவர் எந்தப் பக்கம்? பயனாளிகள் பட்டியலிலா, சம்பளப் பட்டியலிலா? தன் உடம்புக்கு எது வேண்டும் என்று தெரிந்தவரே அடுத்தவருக்கும் அதைச் செய்ய உட்கார்ந்தபோது அந்தக் கோடு அழிந்துபோகிறது.

இப்போது தென்காசி என்றாலே வெளியூர்க்காரர்கள் சொல்வது மத்தளம்பாறையை. ஸோஹோ 2011-இல் அங்கே அலுவலகம் திறந்தது. பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், கையில் உதவித்தொகையும் கொடுத்துப் பழக்கி வேலைக்கு வைத்துக்கொள்ளும் பள்ளி ஒன்றையும் நடத்துகிறார்கள். பட்டம் தேவையில்லை என்பது ஸ்ரீதர் வேம்புவின் வாதம். அவர் சென்னை ஐஐடியில் படித்து பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, ஏறிப் பார்த்தவருக்குத்தான் ஏணியின் மதிப்பு தெரியும். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஸோஹோ லாபத்துக்காக நடக்கும் மென்பொருள் கம்பெனி. மத்தளம்பாறைப் பிள்ளை எழுதிய நிரலை உலகத்தில் எங்கோ இருப்பவர் காசு கொடுத்து வாங்குகிறார். பீடிக்காரப் பெண்ணின் பிரச்சினைக்கு அப்படி வாங்க ஆள் இல்லை. சந்தை தொடாத இடத்துக்குப் போகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சேவைக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் நிற்கும் இந்த யோசனையின் நல்ல பக்கம் ஒன்று எனக்குக் குற்றாலத்தில்தான் புரிந்தது. அத்தான் கடையில் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பேன். பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்து, விலை கேட்டு, "வேண்டாம்" என்று பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவார்கள். அத்தானுக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த 'வேண்டாம்' பெரிய சொல். இலவசத் தையல் மெஷின் வாங்குகிற பெண்ணால் அதைச் சொல்ல முடியாது. மெஷின் மட்டமாக இருந்தாலும் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். பத்து ரூபாயாவது கொடுத்து வாங்கினால் திருப்பிக் கேட்கலாம், திட்டலாம். தானம் பறிக்கிற ஏதோ ஒன்றை விலை திருப்பித் தருகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை சுபம். 2010-இல் ஆந்திராவில் நடந்ததும் இருக்கிறதே. ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் என்று 1997-இல் லாப நோக்கமில்லாமல் தொடங்கிய எஸ்.கே.எஸ்., பிறகு கம்பெனியாகி 2010-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. தொடங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கிராமீன் வங்கியின் முகமது யூனுஸே ஏழைகளை வைத்து லாபம் பார்ப்பது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரே பெண்ணுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்ததும், வாரத் தவணை நெருக்கடியும், தற்கொலைச் செய்திகளும் வந்து, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. அந்தப் பெண்களும் வாடிக்கையாளர்கள்தான். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினார்கள். ஆனால் பசியும் பள்ளிக் கட்டணமும் வாசலில் நிற்கும்போது 'வேண்டாம்' என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். மறுக்க வசதி உள்ளவருக்குத்தான் சந்தை சுதந்திரம்.

அப்படியானால் தானமும் போதாது, விலையும் போதாது. குறளில் ஈகைக்குத் தனி அதிகாரம், ஒப்புரவு அறிதலுக்குத் தனி அதிகாரம். இரண்டும் ஒன்றுதானே, ஏன் பிரித்தார் என்று பள்ளியில் படித்த காலத்தில் நினைத்திருக்கிறேன். ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகளில் ஒன்று நீர் நிறைந்த ஊருணி. ஊருணி யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. குடத்தோடு வருகிறவர் மொண்டுகொண்டு போகிறார். பெருவிரல் ரேகை கிடையாது, போட்டோ கிடையாது. அதே சமயம் ஊருணி தானாக நிறைவதும் இல்லை. வாய்க்கால் வெட்ட வேண்டும், தூர்வார வேண்டும், கரையைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி வேண்டும். கரை பார்க்கிறவரும் அதே தண்ணீரைத்தான் குடிப்பார். என் ஃபைலில் இரண்டு பட்டியலாக இருப்பது அங்கே ஒன்றுதான். (அதே அதிகாரத்தின் கடைசியில், ஒப்புரவால் நஷ்டம் வந்தால் தன்னை விற்றாவது அந்த நஷ்டத்தை வாங்கலாம் என்கிறார். எங்கள் ஆடிட்டர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.)

தூர்வாருவது படித்து வருகிற வேலைதான். நன்கொடைச் சட்டம், விலை வைக்கிற விதம், ஒரு திட்டத்தால் உண்மையில் மாற்றம் வந்ததா என்று அளக்கிற முறை எல்லாம் தெரியாமல் நல்ல மனசு மட்டும் வைத்துக்கொண்டு நொடித்துப்போன அறக்கட்டளைகளின் ஃபைல்கள் எங்கள் பரண் மேல் இருக்கின்றன. ஆகவே அத்தானுக்கு என் பதில்: சேவையைப் படிக்கப் போகவில்லை, கரை பார்க்கப் படிக்கப் போகிறாள்.

அக்கா அதோடு விடவில்லை. சுளகை மடியிலிருந்து இறக்காமலே சொன்னாள்: "போன வருசம் ரெண்டு பிள்ளைய வந்து ஒரு மணி நேரம் உக்காந்து கேள்வி கேட்டாவ. நல்ல பிள்ளையதான். நான் பதில் சொன்ன நேரத்துல நூறு பீடி போச்சு. அதுக்கு யாரு கூலி தருவா? எழுதிட்டுப் போனதுல என்ன வந்துச்சுன்னு திரும்பி வந்து சொல்லவாது செஞ்சாவளா?" அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் வந்திருக்கும். என் அக்கா ஏதோ ஒரு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 'பதிலளித்தவர் 14' என்று இருப்பாள். இவள் மகளும் நாளைக்கு ராஜஸ்தானிலோ ஒடிசாவிலோ இன்னொருத்தியின் நூறு பீடியை எடுத்துக்கொள்ளப் போகிறவள்தான். திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும் என்பது எந்தப் பாடத்திட்டத்தில் வரும்?

தென்காசிக் கோயில் கல்வெட்டில் பராக்கிரம பாண்டியன் சொல்லி வைத்திருப்பதை இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரு தரமாவது கேட்டிருப்போம். பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டியவன், இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே பணிகிறேன் என்று எழுதி வைத்தான். தான் கட்டியது இடியும் என்று ராஜா ஒருவன் கல்லிலேயே ஒத்துக்கொள்வது சாதாரணமில்லை. சிதைந்து வெகுகாலம் நின்ற ராஜகோபுரம் 1990-இல்தான் திரும்ப எழுந்தது. நான் பார்க்கும் திட்ட அறிக்கைகளில் 'நிலைத்தன்மை' என்று ஒரு தலைப்பு எப்போதும் இருக்கும். பெரும்பாலும் அடுத்த நிதி எங்கிருந்து வரும் என்பதைத்தான் அதற்குக் கீழே எழுதியிருப்பார்கள். யார் காலில் விழ வேண்டும் என்று எழுதினதைப் பார்த்ததில்லை.

மிச்சம் இருப்பது கடன். இதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். லட்சக்கணக்கில் கல்விக் கடன் வாங்கிப் படித்த பெண், படிப்பு முடிந்து ஆய்க்குடி மாதிரி ஓர் இடத்தில் குறைந்த சம்பளத்துக்கு உட்கார முடியாது. தவணை அவளை ஏதாவது பெரிய கம்பெனியின் சமூகப் பொறுப்புத் துறைக்கு இழுத்துக்கொண்டு போகும். ஏழைகளுக்காகப் படிப்பை வைத்து, வசதியுள்ளவர் மட்டும் அதற்கு உண்மையாக இருக்கும்படி விலையும் வைத்திருக்கிறோம். பீடிக்காரி மகளுக்குத்தான் அந்த வேலை நன்றாகத் தெரியும். அவளுக்குத்தான் அது கட்டுபடியாகாது. இதையும் பிள்ளையிடம் சொன்னேன். "ரெண்டு வருசம் கம்பெனில இருந்து கடன அடச்சிட்டு வாரேன் மாமா" என்றாள். அப்படிச் சொல்லிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

அத்தான் இந்தச் சீசன் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வங்கியில் இன்னொரு கையெழுத்து கேட்கிறார்களாம். நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.