நாலு மணி முதல் ஏழு மணி வரை

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலை நாலு மணி வாக்கில் பள்ளி வேன் வந்து நிற்கும். அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து திரும்ப ஏழாகிவிடும். நடுவில் உள்ள மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். வேனிலிருந்து பிள்ளையை இறக்கி, கைகால் கழுவவிட்டு, பாலோ தோசையோ கொடுத்து, கீழே விளையாடக் கூட்டிப்போய், இருட்டுவதற்குள் மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பாட்டி கூட இருக்கும் வீட்டில் இது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றாது. பாட்டி இல்லாத வீட்டில்தான் இதற்கு ஒரு விலை இருக்கிறது என்பது தெரியவருகிறது. அந்த விலையை அனேகமாக எல்லோரும் பக்கத்து வீட்டில்தான் விசாரிக்கிறார்கள். “நாங்க ஐயாயிரம் குடுக்கறோம், நீங்க ஏத்திவிட்டுடாதீங்க” என்று பதில் வரும். அந்த ஐயாயிரம் எப்படி வந்தது என்று கேட்டால், அவர்களும் இன்னொரு வீட்டில் விசாரித்திருப்பார்கள். யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதில்லை.

சட்டம் இதில் ஓரளவுக்கு மேல் கைகொடுக்காது. தமிழ்நாட்டில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2007இல் நல வாரியம் அமைந்தது. 2018இல் அவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய் என்ற அளவில் நிர்ணயிக்கப்பட்டது. தினம் மூன்று மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 78 மணி நேரம். 37ஆல் பெருக்கினால் 2,886 ரூபாய். நான்கு வயதுப் பிள்ளையை இந்தத் தொகைக்கு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார யாருக்கும் மனம் வராது. பிள்ளை பார்ப்பதற்கு அரசே எவ்வளவு கொடுக்கிறது என்று பார்க்கப் போனால் அங்கேயும் வெளிச்சம் இல்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில அரசு அதன்மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஆகிவிட்டது. ஆகவே சட்டத்தின் எண்ணை இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற தரையாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

மேலே எவ்வளவு என்பதில் நாம் செய்யும் பெரிய பிழை வகுத்தல் கணக்கில் இருக்கிறது. முழுநாள் ஆளுக்கு எட்டு மணி நேரத்துக்கு இவ்வளவு, அதனால் மூன்று மணி நேரத்துக்கு எட்டில் மூன்று பங்கு என்று கணக்குப் பார்க்கிறோம். ஒரு பேச்சுக்கு முழுநாள் சம்பளம் 18,000 ரூபாய் என்றால் இந்தக் கணக்கில் 6,750 வரும். வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதை இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. நகரத்துக்குள் கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த குடும்பங்கள் பல தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்டுவிட்டன. முன்பு நடந்தே வேலைக்குப் போன பெண்கள் இப்போது பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. காசு மிச்சம்தான், நேரம் மிச்சமில்லை. போக அரை மணி, வர அரை மணி என்று மிகக் குறைவாக வைத்தாலும் மூன்று மணி நேர வேலை நாலு மணி நேரமாகிவிடுகிறது. அதாவது அரை நாள். அப்படியானால் 18,000இல் பாதி, 9,000. இந்த 2,250 ரூபாய் வித்தியாசத்தை இத்தனை காலமாக அவர் தன் பையிலிருந்து நமக்குக் கொடுத்துவந்திருக்கிறார்.

அந்த மூன்று மணி நேரம் நாளின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் பிள்ளை வீடு திரும்பும் நேரத்தில்தான் அவர் பிள்ளையும் திரும்புகிறது. மாலைச் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் ஆள் கேட்கிற வீடுகளும் அதே நேரத்தில்தான் கூப்பிடுகின்றன. நமக்கு ஒத்துக்கொண்டவர் அவற்றை விட்டுவிட வேண்டும். காலை பத்து மணி என்றால் இரண்டு வீட்டை அடுத்தடுத்துப் பார்க்கலாம். மாலை நாலு முதல் ஏழு வரை ஒரே வீடுதான்.

ஒதுக்கிவைக்கும் நேரத்துக்கும் கூலி என்பது புதிய தத்துவம் ஒன்றுமில்லை. நம் காரை ஓட்ட ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடும்போது இதே நியாயத்தை நாம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம். திருமணத்துக்குப் போய்வர இரண்டு மணி நேரம்தான் என்றாலும் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரத்துக்கான கட்டணம் என்றுதான் அவர் பேசுவார். இரவு நேரமானால் கூடுதல், வெளியூர் என்றால் பேட்டா. மண்டப வாசலில் அவர் காரில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்கும் சேர்த்தே கொடுக்கிறோம். “சும்மாதானே இருந்தீங்க” என்று யாரும் கழிப்பதில்லை. அவர் பெரும்பாலும் ஆண், கையில் லைசென்ஸ் வைத்திருக்கிறார், கேட்கப் பழகியிருக்கிறார். பிள்ளை பார்க்க வருகிற அக்காவிடம் இந்த மூன்றும் இல்லை. காரை ஓட்டுகிறவருக்கு மணிக்கு என்ன கொடுக்கிறோமோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அதற்குக் குறையாமல் கொடுப்பது என்பதே நான் சொல்லக்கூடிய எளிய அளவுகோல்.

“பிள்ளை டிவி பார்க்கிறது, இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், இதற்கு என்ன இவ்வளவு?” என்று கேட்கலாம். பால்கனிக் கதவு, அடுப்பு, தண்ணீர் வாளி, லிஃப்ட், வாசலில் பார்சல் கொண்டுவரும் அந்நியர் என அந்த மூன்று மணி நேரமும் அவர் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதை யோசித்தால் பதில் கிடைத்துவிடும். இதை எளிய வேலை என்று நினைப்பதால்தான் “அப்படியே அந்த நாலு பாத்திரத்தையும் போட்டுடுங்கக்கா” என்று வாய்கூசாமல் சொல்ல முடிகிறது. பாத்திரத்துக்குத் தனிச் சம்பளம் பேச வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, சிங்க்கின் முன்னால் நிற்கிறவர் பிள்ளைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க முடியும்.

“அவரே சம்மதித்துத்தானே வருகிறார்?” என்பது இன்னொரு கேள்வி. பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் பாசத்தின் கைதிகளாகிவிடுவதைப் பற்றி அமெரிக்கப் பொருளியலாளர் நான்சி ஃபோல்பர் விரிவாக எழுதியிருக்கிறார். பிள்ளை தன்னிடம் ஒட்டிக்கொண்ட பிறகு, “சம்பளத்தை உயர்த்தினால்தான் நாளை வருவேன்” என்று சொல்ல அவருக்கு நா எழாது. பேரம் பேசத் தெரியாததால் வருகிற பலவீனம் இல்லை இது; நாம் எந்தக் குணத்துக்காக அவரை விரும்புகிறோமோ அதனால் வருவது. அப்படிப்பட்டவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது சரியில்லை.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: “என் சம்பளத்தில் பாதி இதற்கே போய்விட்டால் நான் எதற்கு வேலைக்குப் போக வேண்டும்?” இதைக் கேட்பவர் எப்போதும் அம்மாவாகவே இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் சராசரியாகத் தினம் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. உழைப்பு யார் தலையில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் செலவும் எழுதப்படுகிறது. வீட்டுக் கடன் தவணையை இருவர் சம்பளத்திலும் வைத்துப் பார்க்கிற குடும்பம், ஆயா சம்பளத்தை மட்டும் ஏன் ஒருவர் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும்? இருவர் வருமானத்தின் மேல் வைத்தால் பல வீடுகளில் 9,000 ரூபாய் தாங்கக்கூடியதே. துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அது தாங்காது என்பது உண்மை. அதற்காக இன்னொரு ஏழைப் பெண்ணின் கூலியைக் குறைப்பது வழியாகாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்ற விதியை 2017ஆம் ஆண்டின் மகப்பேறு சலுகைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதை முதலாளியிடம் கேட்பதுதான் முறை.

தீபாவளிக்குப் புடவை, மிஞ்சிய சாப்பாடு, பழைய துணி, அவசரத்துக்குக் கைமாற்று ஆகியவற்றைச் சம்பளத்தில் சேர்க்காதீர்கள். கொடுக்கலாம், கொடுப்பது நல்லதும்கூட. கணக்கு மட்டும் வேறு. மே மாத விவகாரம்தான் எனக்கு எல்லாவற்றிலும் மோசமாகப் படுகிறது. பள்ளி மூடியதும் பிள்ளையைத் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, “ஜூன்ல வாங்கக்கா” என்று சொல்லி அந்த மாதச் சம்பளத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஜூனில் அவர் திரும்பி வர வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள். நாலு முதல் ஏழு வரையிலான நேரத்தை நமக்கென்று ஒதுக்கிவைக்கச் சொன்னால் அந்த ஒதுக்கலுக்குக் காசு உண்டு. ஆள் பேசும் நாளிலேயே தொகை, வார விடுப்பு, தாமதமானால் அரை மணிக்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் மே மாதச் சம்பளத்தையும் எழுதிவிடுங்கள்.